வாயிலில் நிற்போர்

பழந்தமிழ் இலக்கியத்தைக் கற்றவர்களுக்கு வாயிற்காவலன் புதியவன் அல்லன். நீதி கேட்டு வந்த கண்ணகியைப் பாண்டியன் அரண்மனையிலே முதன்முதலில் எதிர்கொள்பவன் அவனே. அவளுடைய கோலத்தைக் கண்டு அஞ்சி, உள்ளே சென்று அரசனுக்கு அறிவித்த பின்னர், காப்பியத்தில் அவனுக்கு வேலை இல்லை. அவனுடைய பெயர்கூட நமக்குச் சொல்லப்படவில்லை. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு இன்னும் சற்று நெருங்கிச் சென்று பார்க்கிறது. பாசறையில் நள்ளிரவுக் காவல் செய்யும் முதியவர்கள், துணியாற் போர்த்த உடலோடும் உறக்கம் மேலிட்ட நடையோடும் சுற்றி வருகின்றனர். காற்றில் அசையும் பூங்கொடியை அவர்களுக்கு உவமை சொல்கிறார் புலவர். நாமும் வகுப்பறையில் அந்த உவமைக்கு நயம் கூறிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறோம். அம்முதியவர்கள் எத்தனை நாழிகை நின்றார்கள், அவர்களை விடுவிக்க மாற்றாள் வந்தானா என்பன பரீட்சைக்கு வராத வினாக்கள்.

சென்ற ஆண்டு எனது உயர்தர வகுப்பிலே அந்த வினா எழுந்தது. பின்வரிசையில் இருக்கும், அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்து, "சேர், அவைக்கு ஆள் மாத்திறதில்லையோ?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய தந்தை பட்டினத்து வங்கியொன்றின் வாயிலில் நிற்பவர் என்பதை அன்றுதான் அறிந்தேன். பின்னர் அவரைச் சந்தித்தேன். ஐம்பத்தெட்டு வயது. வன்னியில் வயலும் வீடும் இருந்த மனிதர். போருக்குப் பின் பட்டினத்துக்கு வந்து நீல நிறச் சட்டை அணிந்தார். மாலை 6 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போவார். பகற்காவலர் வராத நாளில் மாலை வரையும் நிற்பார். "மாஸ்ரர், நித்திரை வராமல் இருக்க நான் நடக்கிறேல்லை. நடந்தால்தான் நித்திரை வரும். சுவரிலை சாய்ஞ்சால் வராது, ஏனெண்டால் முதுகு நோகும்" என்று அவர் விளக்கியபோது, நப்பூதனாருக்கு உரை எழுதும் தகுதி யாருக்கு உண்டு என்று எண்ணிக்கொண்டேன்.

அவர் தமது சம்பளச் சீட்டை எனக்குக் காட்டினார். ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட சிறு துண்டு. தாம் அந்த மாதம் ஒரு நாளும் தவறாது 30 நாள் நின்றதை அவர் ஒரு கொப்பியிலே கோடிட்டு வைத்திருந்தார். சீட்டிலோ வேலை நாட்கள் 21 என்றிருந்தது. எஞ்சிய 9 நாட்களுக்கான காசு ஊக்குவிப்புப் படி என்ற பெயரில் வந்திருந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்கலாம். பெயரிலேதான் எல்லாம் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஊழியர் தமது சம்பாத்தியத்தில் 8 வீதமும், தொழில் கொள்வோர் 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் நம்பிக்கை நிதிச் சட்டம் மேலும் 3 வீதத்தைத் தொழில் கொள்வோரிடம் கேட்கிறது. சம்பளத்தை வேறு பெயரிட்டு அழைத்தால் இவ்வளவும் மிச்சம். சீட்டின் கீழ்ப்பகுதியில் சீருடைக்கு ஒரு கழிவு, சப்பாத்துக்கு ஒரு கழிவு. 'ஒழுங்கு' என்று ஒரு கழிவும் இருந்தது. அது யாது என்று வினவினேன். இரவிலே மேற்பார்வையாளர் வந்தபோது கண்மூடியிருந்ததற்குத் தண்டம் என்றார்.

இவரை வேலைக்கு வைத்திருப்பது வங்கி அன்று, ஒரு காவற் கொம்பனி. வங்கி கேள்விப்பத்திரம் கோரும். கொம்பனிகள் விலை குறிக்கும். குறைந்த விலை குறித்தது வெல்லும். சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வாயிலுக்கு நாள் முழுதும் காவல் வேண்டுமாயின் 30 நாட்களில் 720 மணித்தியாலங்கள் ஆகின்றன. வாரத்துக்கு 45 மணித்தியாலம் வேலை செய்யும் ஒருவர் மாதத்தில் ஏறத்தாழ 195 மணித்தியாலம் நிற்பார். ஆகவே ஒரு வாயிலுக்குக் கிட்டத்தட்ட நான்கு பேர் தேவை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒவ்வொரு வாயிலிலும் இருவரே நிற்கின்றனர். ஒவ்வொருவருக்கும் 360 மணித்தியாலம். மேலதிகமான 165 மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மடங்கு வீதம் கணக்கிட்டுக் கொடுத்தால் குறைந்த விலை குறித்த கொம்பனிக்குக் கட்டுப்படியாகாது. எனவே, அந்த விலையை ஏற்றுக் கையெழுத்திடும் நிறுவனத்துக்கு, காவலரின் உழைப்பு எங்கேயோ திருடப்படுகிறது என்பது கையெழுத்திடும்போதே தெரிந்திருக்க வேண்டும். இதனை அறியக் கணிதப் பட்டம் வேண்டியதில்லை. தமிழ்ப் பட்டதாரியான எனக்கே விளங்குகிறது.

இதைவிட நுட்பமான இன்னொரு சுரண்டலும் உண்டு. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், 15 பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட தொழில் கொள்வோரிடம் ஐந்து ஆண்டு பணி நிறைவு செய்தவருக்கு, ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை வழங்கச் சொல்கிறது. என் மாணவியின் தந்தை ஒரே வாயிலில், ஒரே நாற்காலிக்குப் பக்கத்தில் 11 ஆண்டுகள் நின்றிருக்கிறார். (நாற்காலி வாடிக்கையாளருக்கு.) இந்தக் காலத்தில் கேள்விப்பத்திரம் மூன்று கொம்பனிகளுக்குக் கைமாறியது. முதலில் மண்ணிறச் சட்டை, பிறகு சாம்பல், இப்பொழுது நீலம். சட்டை மாறும்போதெல்லாம் அவருடைய சேவைக் காலமும் புதிதாகத் தொடங்கியது. எந்தக் கொம்பனியிலும் அவர் ஐந்து ஆண்டை நிறைவு செய்யவில்லை. பதினொரு ஆண்டுக்குப் பணிக்கொடை சூனியம்.

இவர்களுக்குச் சட்டமே இல்லை என்று கூற முடியாது. காவற் சேவைத் தொழிலுக்கெனச் சம்பளச் சபை உண்டு. 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் தனியார் காவல் முகவரகங்களைப் பதிவுக்கு உட்படுத்தியது. 2016இல் மாதம் 10,000 ரூபாவாக விதிக்கப்பட்ட தேசிய குறைந்தபட்ச வேதனம் படிப்படியாக உயர்ந்து, 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் 27,000 ஆகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ஆகவும் ஆயிற்று. சட்டங்கள் புத்தகத்தில் விழித்திருக்கின்றன. அவற்றை வாயில்வரை அழைத்துவருவதற்குத் தொழிலாளர்களிடம் அமைப்பு இல்லை. பட்டினத்துக் காவலாளர் சிலர் சங்கம் அமைப்பது பற்றிப் பேசத் தொடங்கியபோது அவர்களைத் தடுத்தது அச்சம் மாத்திரமன்று, தவறான நம்பிக்கை ஒன்றும் தடுத்தது. "நாங்கள் பொலிஸ் மாதிரி, எங்களுக்குச் சங்கம் வைக்கச் சட்டம் இல்லை" என்று பலர் உறுதியாகக் கூறினர். மேற்பார்வையாளர்கள் அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். படையினருக்கும் பொலிசாருக்கும் சிறைச்சாலை அலுவலருக்கும் அந்த உரிமை மறுக்கப்பட்டிருப்பது உண்மை. காவற் கொம்பனியின் ஊழியர் அவர்களுள் எவரும் அல்லர். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு உறுப்பினர் கையெழுத்திட்டுப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். சீருடையும் சல்யூட்டும் தோளிலே பட்டியும் அணிவித்துத் தொழிலாளியைச் சிப்பாய் என்று நம்பவைப்பது மலிவான தந்திரம். அரைச் சிப்பாய்க்கு அரைச் சம்பளமாவது கொடுத்தாலும் பரவாயில்லை.

இங்கே நம்முடைய பக்கத்திலும் ஒரு தயக்கம் இருப்பதை மறைக்கலாகாது. இடதுசாரி இயக்கத்தின் நினைவிலே காவலாளி நண்பனாகப் பதியவில்லை. 1892 ஜூலை 6ஆம் திகதி பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்ரெட் உருக்காலையில், கதவடைப்புக்குள்ளான தொழிலாளர்மீது ஏவப்பட்டவர்கள் பிங்கர்ட்டன் முகவரகத்தின் 300 கூலிக் காவலர்கள். ஆற்றுவழியே படகுகளில் வந்த அவர்களுக்கும் தொழிலாளருக்குமிடையே நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் மாய்ந்தன. ஆலை வாயிலில் நிற்பவன் முதலாளியின் கை என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றியது. எனது சக ஆசிரியர் ஒருவர், தொழிற்சங்க மேடைகளில் முழங்குபவர், "காவற்காரனுக்குச் சங்கமோ? பிறகு எங்கடை ஊர்வலத்தை மறிக்கிறது ஆர், அவன்தானே?" என்று கேட்டார். வேடிக்கையாகவே கேட்டார். ஆயினும் கேள்வி வேடிக்கையானதன்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதலாளி வர்க்கம் இக்கேள்விக்குத் தன் நலன் கருதிய விடையை 1947இலேயே கண்டுபிடித்துவிட்டது. அவ்வாண்டு மே மாதம், ஓர் உருக்குக் கொம்பனியின் வழக்கிலே, காவலாளரும் தொழிலாளரே, ஏனைய தொழிலாளரின் சங்கமே அவர்களையும் பிரதிநிதித்துவம் செய்யலாம் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் நிறைவேறிய டாஃப்ட்-ஹாட்லி சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. காவலாளரையும் ஏனைய தொழிலாளரையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் சங்கத்தைக் காவலாளரின் பிரதிநிதியாகச் சான்றளிக்கக் கூடாது என்பது அதன் விதி. வேலைநிறுத்தக் காலத்தில் காவலாளியின் விசுவாசம் பிளவுபடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். என் சக ஆசிரியரின் ஐயத்தையே அவர்கள் மறுபுறமாகத் திருப்பிப் பிடித்தார்கள். நாம் காவலாளியைச் சந்தேகிக்கிறோம், அவர்களோ காவலாளி நம்மோடு சேர்ந்துவிடுவான் என்று அஞ்சுகிறார்கள். அவர்களுடைய மதிப்பீடே சரியானது என்பது என் எண்ணம்.

தனிமைப்படுத்துவதற்காக இயற்றப்பட்ட அந்த விதி பிற்காலத்தில் எதிர்பாராத ஒரு விளைவைத் தந்தது. பிலடெல்பியா நகரத்தின் கலைக் கூடத்தில் ஒப்பந்தக் கொம்பனியொன்றின் கீழ் வேலை செய்த காவலாளர், காவலாளருக்கு மாத்திரமேயான சுயாதீனச் சங்கமொன்றை அமைக்க 2009இல் வாக்களித்தனர். பெரிய சங்கத்தின் பணமோ, சட்டத்தரணிகளோ அவர்களிடம் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் ஊரவர்கள். தொழிலாளர் உரிமைக்கான சமூகக் கூட்டமைப்பு ஒன்று அவர்களுக்குத் துணை நின்றது. அதே நகரத்தின் பல்கலைக் கழகங்களிலே, தம் விடுதி வாயிலில் இரவெல்லாம் நிற்பவருக்குச் சுகவீன விடுமுறை உண்டா என்று மாணவர்கள் நிர்வாகத்தை வினவத் தொடங்கினர்.

இலண்டன் பல்கலைக் கழகத்தின் செனற் ஹவுஸ் கட்டடத்தில் நிகழ்ந்தது ஆசிரியர்களாகிய நமக்கு இன்னும் நெருங்கிய பாடம். ஜோர்ஜ் ஓர்வெல் தமது நாவலில் வரும் உண்மை அமைச்சை இக்கட்டடத்தை மனத்திற்கொண்டே வருணித்தார் என்பர். அங்கும் காவலாளர், சுத்திகரிப்பாளர் முதலானோர் ஒப்பந்தக் கொம்பனிகளின் ஊழியராயிருந்தனர். 2012இல் தோன்றிய சிறிய சுயாதீனச் சங்கமொன்றிலே அவர்கள் திரண்டனர். கொம்பனியோ ஏற்கெனவே வேறொரு பெரிய சங்கத்தோடு உடன்படிக்கை செய்திருந்தது. அந்தப் பெரிய சங்கத்தில் இந்தக் காவலாளர் பெரும்பாலும் அங்கத்தவரல்லர். ஆயினும் உடன்படிக்கை இருப்பதால், சிறிய சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைக்கவில்லை. பல்கலைக் கழகத்தையே உண்மையான தொழில் கொள்வோராகக் கருதவேண்டும் என்ற வாதத்தையும் 2019இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டத்தின் கதவு மூடியபோது அறிஞர்கள் இன்னொன்றைத் திறந்தனர். 2018ஆம் ஆண்டின் இறுதியில் விடுக்கப்பட்ட அழைப்பை ஏற்று, விரிவுரையாளர்கள் தங்கள் கருத்தரங்குகளை அக்கட்டடத்திலிருந்து வேறிடங்களுக்கு மாற்றினர். மண்டப வாடகையை இழப்பது பல்கலைக் கழகத்துக்குப் புரியும் மொழி. 2020இல் காவலாளர் பல்கலைக் கழகத்தின் நேரடி ஊழியராயினர். நீதிமன்றத்தில் தோற்ற பின்னரும் வெற்றி கிட்டியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் பட்டினத்தில் மண்டபப் புறக்கணிப்புக்கு வாய்ப்பில்லை. சங்கம் கூடுவதே பெரும்பாடு. காவலாளர் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓய்ந்திருக்கும் ஒரு கணம் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் இல்லை. ஒருவர் வந்தால்தான் மற்றவர் போகலாம். ஆகையால் கூட்டம் இரு பாதியாக நடக்கிறது. இரவுக் காவலர் காலை ஆறரைக்கு வாசிகசாலையில் கூடுவர். பகற் காவலர் மாலை ஆறரைக்கு. காலையில் பேசியதை ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். மாலையில் வருவோர் அதற்குக் கீழே தமது கருத்தை எழுதுவர். கொப்பியைக் கொண்டு திரிபவர் முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர். தரிப்பிடத்துச் சாரதிகள் தமக்கென ஒரு சங்கம் வைத்திருப்பதால் கூட்டக் குறிப்பின் அருமை அவருக்குத் தெரியும். வாசிகசாலைத் தலைவர் விடியற்காலையில் கதவு திறந்துவிடுகிறார். பத்திரிகை வாசிக்க வரும் முதியவர்கள் முதலில் முணுமுணுத்தனர். பிறகு அவர்களுள் ஒருவர், இளைப்பாறிய தொழில் உத்தியோகத்தர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யாப்பின் வரைவைக் கேட்டு வாங்கி, பாதியை வெட்டி, மீதியைத் திருத்தித் தந்தார். தேநீர்க் கடைக்காரர் செய்தது வேறு. தமது கணக்கு இருக்கும் வங்கியின் முகாமையாளரிடம் போய், வாயிலில் நிற்பவருக்கு ஒரு நாற்காலி போடும்படி கேட்டார். மற்றக் கடைக்காரர் சிலரும் கேட்டனர். இப்பொழுது நாற்காலி இருக்கிறது. கொம்பனியிடம் எட்டு மாதம் கேட்டுக் கிடைக்காதது அது.

கூட்டங்களில் தெளிவாகப் பேசுபவர் தனியார் மருத்துவமனை வாயிலில் நிற்கும் பெண் ஒருவர். அவர் ஊதியத்தைப் பற்றி முதலிற் பேசவில்லை. பன்னிரண்டு மணித்தியாலத்தில் மலசலகூடத்துக்குப் போக மாற்றாள் இல்லாததால், வேலைக்கு வரும் நாட்களில் தாம் தண்ணீர் குடிப்பதில்லை என்றார். ஆண்கள் குனிந்துகொண்டனர். கோரிக்கைப் பட்டியலில் அது முதலாவதாக எழுதப்பட்டது.

எந்தக் கட்சியையும் சாராத சங்கமாக இருக்கவேண்டும் என்பதிலே நீண்ட விவாதம் நடந்தது. "பெரிய சங்கத்திலை சேர்ந்தால் கொம்பனிக்காரர் பயப்படுவினம்" என்றார் ஓர் இளைஞர். "தேர்தல் வந்தால் அவை எங்களை மறந்துபோவினம். அதைவிட, எங்களுக்கை நாலு கட்சிக்காரர் இருக்கினம்" என்று மறுத்தார் மற்றொருவர். இந்நாட்டின் தொழிற்சங்க வரலாறு இரண்டாமவரின் பக்கமே நிற்கிறது. கட்சி உடைந்த போதெல்லாம் சங்கம் உடைந்தது. 1920களில் கொழும்புத் தொழிலாளரைத் திரட்டிய ஏ. ஈ. குணசிங்க 1930களில் மலையாளித் தொழிலாளருக்கு எதிராகக் குரல் எழுப்பியதும் நாம் அறிந்ததே. மறுபுறத்தில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பாலா தம்பு 1948 முதல் 2014இல் மறையும்வரை இலங்கை வணிக ஊழியர் சங்கத்தின் செயலாளராக இருந்தார். அதன் அங்கத்தவருள் மிகப் பெரும்பாலோர் சிங்களவர். அங்கத்தவர் தம் சங்கத்தைத் தமதாகவே வைத்திருந்தால் எது இயலும் என்பதற்கு இந்த ஒரு செய்தி போதும்.

வடக்கிலே இது நூற்பாடமன்று. அதே கொம்பனியின் நீலச் சட்டையை அணிந்து தெற்கிலும் ஆயிரம் வாயில்களில் ஆட்கள் நிற்கின்றனர். 1999ஆம் ஆண்டின் திருத்தம், 40 வீதத்தினரைக் கொண்ட சங்கத்தோடு தொழில் கொள்வோர் பேச மறுப்பதைக் குற்றமாக்கியது. அந்த 40 வீதத்தை நாம் இப்பட்டினத்தில் மாத்திரம் தேட முடியாது. சீருடை என்றாலே வேறு நினைவு வரும் மண் இது. முன்னாட் படையினர் ஒருவர் மேற்பார்வையாளராக வரும்போது எங்கள் ஆட்களின் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். அந்த நினைவைச் சங்கத்தின் பெயரால் துடைத்துவிடுமாறு எவரிடமும் கேட்க எனக்கு மனமில்லை. ஆனால் அநுராதபுர மாவட்டத்திலிருந்து இங்கு மாற்றப்பட்ட சிங்களக் காவலர் ஒருவர் மூன்றாம் கூட்டத்துக்குத் தம் சம்பளச் சீட்டோடு வந்தார். இரு சீட்டுக்களையும் மேசையில் அருகருகே வைத்தோம். வேலை நாட்கள் 21. 'ஒழுங்கு' என்ற கழிவு அங்கும் இருந்தது.

வாசகர்களுள் பெரும்பாலோர் என்னைப் போன்ற ஆசிரியராயிருப்பர். 2021இல் சம்பள முரண்பாட்டை எதிர்த்து நாம் மூன்று மாதத்துக்கு மேல் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தி நின்றோம். 24 ஆண்டுப் பழைய முரண்பாடு அது. நம் சங்கங்களுக்குக் கட்டடம் உண்டு, அச்சுப்பொறி உண்டு, சட்டம் தெரிந்தோர் உண்டு. நம் வாயிலில் நிற்பவரின் சம்பளச் சீட்டை வாசித்துச் சொல்ல ஆங்கிலம் தெரிந்தோர் ஒவ்வொரு பாடசாலையிலும் உண்டு. இப்பட்டினத்தில் எங்கள் கிளை அச்சுப்பொறியைத் தர இணங்கியது, ஆறுக்கு நான்கு என்ற வாக்கில். அந்த நால்வரோடும் நான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

விண்ணப்பத்தில் ஏழு கையெழுத்துப் போதும், இருபத்தாறு சேர்ந்தன. கையெழுத்திட்டவர்களுள் ஒருவர் இரு வாரத்துள் மன்னாருக்கு மாற்றப்பட்டார். காரணம் சொல்லப்படவில்லை. என் மாணவியின் தந்தை இன்னும் அதே வாயிலில்தான். இப்பொழுது யாப்பின் சிங்களப் பிரதியைத் தயாரிக்கிறோம். அநுராதபுரத்துக் காவலர் ஒவ்வொரு பிரிவையும் வாய்விட்டு வாசித்து, பத்திரிகைச் சிங்களம் போலிருந்தால் தலையாட்டித் திருத்துகிறார். அவர் ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்க்கச் சொன்னார்: தண்டனையாக மாற்றப்பட்ட அங்கத்தவர் மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய்வரும் பஸ் கட்டணத்தைச் சங்கம் கொடுக்க வேண்டும். இளைப்பாறிய தொழில் உத்தியோகத்தர் நிதி போதாது என்றார். கொப்பி மாலைக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. சந்தாவை மாதம் 20 ரூபா கூட்டிக்கொள்ளச் சம்மதம் என்று பதினொரு பேர் கையெழுத்திட்டிருந்தனர். முதற் கட்டணம் மன்னாருக்கு.